1,095 நாட்கள்

ஸ்காபரோ

அன்புள்ள மகளுக்கு,

கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கனடியக் குடியுரிமைத் தேர்வுக்கான வகுப்பு நடத்தித் தரும்படி உன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்றும், அதை எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை என்றும் தொலைபேசியில் சொன்னாய். அன்று அம்மா இடையில் பேச்சை வாங்கிக்கொண்டதால் நான் சொல்ல நினைத்ததில் பாதியைக்கூடச் சொல்லி முடிக்கவில்லை. இங்கே நூலகத்தின் சிறிய அறையில் ஆறு ஆண்டுகளாக இதே வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதியே அனுப்புகிறேன். எட்மன்டனில் உனக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்.

தேர்வைப் பற்றி விரிவாகச் சொல்ல அதிகம் இல்லை. 20 கேள்விகள், 45 நிமிடங்கள், 15 விடைகள் சரியாக இருந்தால் தேர்ச்சி. பெரும்பாலானோர் இப்போது வீட்டிலிருந்தே கணினியில் எழுதுகிறார்கள். கேள்விகள் யாவும் அரசாங்கம் 2009 இல் முதன்முதலாக வெளியிட்ட 'டிஸ்கவர் கனடா' என்ற கையேட்டிலிருந்தே வரும். அந்தக் கையேடு இலவசம் என்பதை முதல் நாளே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடு. என் வகுப்புக்கு வந்த ஒருவர், யாரோ ஒரு முகவரிடம் 200 டொலர் கொடுத்து வாங்கிய கேள்விக் கொத்து ஒன்றைப் பத்திரமாக உறையில் போட்டுக் கொண்டுவந்தார். அதில் இருந்தது கையேட்டின் பின்பக்கக் கேள்விகளும் ஏராளமான எழுத்துப் பிழைகளும்தான்.

முதல் வகுப்பில் கையேட்டைத் திறக்காதே. எல்லோரையும் கடவுச்சீட்டுகளை, பழையவை உட்பட, எடுத்துவரச் சொல்லி நாட்களை எண்ணச் செய். விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். நிரந்தர வதிவுரிமை கிடைப்பதற்கு முன்னர் மாணவராகவோ, வேலை அனுமதியிலோ, பாதுகாப்புப் பெற்ற அகதியாகவோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகக் கணக்கில் சேரும். ஆனால் அப்படிச் சேர்வது 365 நாட்களைத் தாண்டாது. கணக்கு எளிதுதான். மனிதர்களின் நினைவுதான் எளிதாக இல்லை. கலியாணச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போன பத்து நாட்களையும், தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு நோர்வேக்குப் போன மூன்று வாரங்களையும் பயணம் என்றே அவர்கள் கருதுவதில்லை; "அது சும்மா போய் வந்தது" என்பார்கள். ஓர் இளைஞர் இப்படி 11 நாட்கள் குறைந்துபோய் எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 1,095 நிறைந்த மறுநாளே ஓடாமல் ஒரு மாதம் கூடுதலாக இருந்துவிட்டு விண்ணப்பிக்கும்படி நான் எல்லோரையும் வற்புறுத்துவது அதனால்தான்.

நாட்கணக்கில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை உனக்கு இதுவரை முழுமையாகச் சொன்னதில்லை. 1949 இல் இலங்கையில் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது உன் தாத்தா ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலையில் இருந்தார். 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முந்திய காலத்தில், மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ச்சியாக நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்பது சட்டம். தாத்தா மலையை விட்டு இறங்கியதே அபூர்வம். ஆனால் இடையில் ஒரு தோட்டத்திலிருந்து துண்டு (விலகல் சீட்டு) வாங்கி இன்னொரு தோட்டத்துக்கு மாறியிருந்தார். பழைய தோட்டத்தின் செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கவில்லை. விசாரணைக்கு அழைத்த அலுவலர், "அந்த இரண்டு வருடம் எங்கே இருந்தாய்?" என்று கேட்டிருக்கிறார். எதிர்மலையைக் காட்டி "அங்கே இருந்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருடைய கொழுந்துக் கணக்கு எழுதிய கணக்கப்பிள்ளையின் பெயரையாவது சொல்லியிருக்கலாம். தாத்தா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். துரைமார் கேள்வி கேட்டால் தலை குனிந்து நிற்பதுதான் மரியாதை என்று லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், வளர்ந்தவர் அவர். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் சுமார் 134,000 பேருக்குத்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. தாத்தா 1979 இல் காலமானபோது எந்த நாட்டின் பிரஜையாகவும் இருக்கவில்லை. எனக்குப் பதிவுப் பிரஜாவுரிமை கிடைத்த கதை வேறு. அதை நேரில் வரும்போது சொல்கிறேன்.

இதை எழுதுவது உன்னை வருத்துவதற்காக அல்ல. நூலக வகுப்பின் முதல் ஆண்டில் நான் செய்த தவறு என்னவென்று உனக்குப் புரிய வேண்டும். எல்லோருக்கும் விடைகளைப் பாடமாக்கினேன். மாகாணங்கள் பத்து, ஆட்சிப்பகுதிகள் மூன்று என்று பள்ளிப் பிள்ளைகளைப் போல ஒப்புவித்தார்கள். தேர்வு எழுதிய பிறகு ஆவணங்களைச் சரிபார்க்க ஓர் அலுவலர் நேர்முகத்துக்கு அழைக்கக்கூடும். அப்போது ஆங்கிலத்தில் பேசி விளங்கிக்கொள்ள முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும். என் வகுப்பில் மிக நன்றாகப் படித்த ஒரு பெண், அந்த மேசைக்கு முன்னால் அமர்ந்ததும் தன் வீட்டு முகவரியைக்கூடச் சொல்ல முடியாமல் அழுதுவிட்டாராம். கேட்டவர் கடுமையானவரும் அல்லர். தண்ணீர் கொடுத்து, ஆறுதலாகப் பேசி, மறுபடியும் கேட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி அரைமணி நேரத்தை ஒதுக்கி, மேசைக்கு அந்தப் பக்கம் நான் கோட்டு அணிந்து அமர்ந்துகொள்கிறேன். பெயர், முகவரி, வேலை, எப்போது வந்தீர்கள், கடைசியாக எங்கே பயணம் செய்தீர்கள் என்பவற்றைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. கேள்வி விளங்கவில்லையென்றால் மறுபடி கேட்கும்படி சொல்லலாம் என்பதையும், அப்படிச் சொல்வது குற்றம் ஆகாது என்பதையும் நம் ஆட்களுக்குப் பழக்குவதற்கே நாலைந்து வாரங்கள் ஆகின்றன. வன்னியிலிருந்து வந்த ஓர் அம்மா இருக்கிறார், 61 வயது. தேர்வும் மொழிச் சான்றும் 18 முதல் 54 வயதுவரை உள்ளவர்களுக்கு மட்டுந்தான்; அவருக்கு இரண்டும் தேவையில்லை. பிறகு ஏன் பனியிலும் பஸ் ஏறி வருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ஆரும் கேள்வி கேட்டா இண்டைக்கும் கை ஐசியைத்தான் தேடுது, மாஸ்டர். இந்தப் பழக்கத்தை விட வேணும்," என்றார். ஐசி என்று அவர் சொன்னது அடையாள அட்டையை. உன் வகுப்பிலும் இப்படி ஒருவர் வந்தால், வயதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடாதே.

பாடத்தைப் பொறுத்தவரை, கருத்தைத் தமிழில் விளங்கப்படுத்திவிட்டு ஆங்கிலச் சொல்லைப் பிறகு கொடு. தேர்வு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் நடக்கும் என்பதால் அந்தச் சொற்களைக் கண்ணால் கண்டு பழக வேண்டும். நம்மவர்களை அதிகம் குழப்புவது அரசர், அவருடைய பிரதிநிதி, பிரதமர் என்ற மூவரின் உறவுதான். என் வயதுக்காரர்களிடம் "மகாதேசாதிபதி" (கவர்னர் ஜெனரல்) என்று ஒரு சொல் சொன்னால் போதும்; 1972 வரை இலங்கையில் அந்தப் பதவி இருந்ததல்லவா, உடனே பிடித்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு 1950 வரை ராஜாஜி வகித்த பதவி என்று சொல்லிப் பார். இலங்கையிலிருந்து வரும் இளையவர்கள் ஜனாதிபதித் தேர்தலையே பார்த்து வளர்ந்தவர்கள். இங்கே பிரதமருக்கு நேரடியாக வாக்களிப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள். வாக்குச்சீட்டில் இருப்பது தொகுதி வேட்பாளரின் பெயர் மட்டுமே என்பதை ஒரு மாதிரிச் சீட்டு எழுதிக் காட்டு. கையேட்டில் 308 தொகுதிகள் என்றிருக்கும். 2025 தேர்தலில் அவை 343 ஆகிவிட்டன என்பதையும் சொல்லிவை. உங்கள் மாகாணத்துக்குக் கதையோடு தொடங்கினால் மறக்காது: விக்டோரியா மகாராணியின் நான்காவது மகளின் பெயரிலிருந்து அல்பர்ட்டா என்ற பெயர் வந்தது, 1905 இல் சஸ்காச்சுவானும் அதுவும் ஒன்றாகவே கூட்டாட்சியில் சேர்ந்தன.

கையேட்டில் ஓர் இடத்தை மட்டும் விரைந்து கடந்துவிடாதே. ஆசிய வம்சாவளியினருக்கு இந்த நாட்டில் நெடுங்காலம் வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்தது. அவர்களில் கடைசியாக ஜப்பானிய வம்சாவளியினர் 1948 இல் அதைப் பெற்றார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. முதல் முறை அதை உரத்து வாசித்தபோது எனக்கு மேலே வாசிக்க முடியவில்லை. அதே 1948 இல்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளி மலையகத் தமிழரான நம் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்காளர் பட்டியலிலிருந்தும் பெயர்களை எடுத்துவிட்டார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகம் அது. வகுப்பில் இருந்தவர்களுக்கு இதைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பலருக்கு அது புதிய செய்தியாக இருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. கொஞ்சம் கோபமும் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். அதே மூச்சில், இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்குக் கூட்டாட்சித் தேர்தல்களில் நிபந்தனையின்றி வாக்களிக்கும் உரிமை 1960 இல்தான் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடு. 2021 முதல் குடியுரிமை உறுதிமொழியிலேயே அவர்களுடைய உரிமைகள் இடம்பெறுகின்றன. ஏன் அந்த வரி அங்கே இருக்கிறது என்று தெரிந்து சொல்பவரின் குரல் வேறாக இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். யாருடைய படிவத்தையும் நீயே நிரப்பாதே. பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்து, எழுதுவது அவர்களாகவே இருக்கட்டும். பணம் வாங்கி ஆலோசனை சொல்ல உரிமம் பெற்றவர்களுக்கே அனுமதி உண்டு, நீ அன்பளிப்பாகக்கூட எதையும் வாங்காதே, ஒரு சீப்பு வாழைப்பழம் வேண்டுமானால் வாங்கலாம். மற்றது, அரசு இலவசமாக நடத்தும் 'லிங்க்' மொழி வகுப்புகளில் நிரந்தர வதிவாளர்கள் படிக்கலாம், குடியுரிமை பெற்றவர்கள் படிக்க முடியாது. விண்ணப்பத்துக்கு மொழித்திறனில் நான்காம் நிலை போதும் என்று அதோடு நிறுத்திவிட்டு அவசரமாக உறுதிமொழி எடுத்தவர்கள், வேலைக்காக மேல்நிலை வகுப்புத் தேடும்போது கதவு மூடியிருப்பதைக் கண்டு என்னிடம் வருகிறார்கள். யார் எவ்வளவு படிக்க விரும்புகிறார் என்று முன்பே கேட்டுவை.

நாட்களை எண்ணுவதற்கு நான் கோடு போட்டு வைத்திருக்கும் தாளின் பத்துப் பிரதிகளை இத்துடன் அனுப்புகிறேன். தாத்தாவுக்கு வந்த மறுப்புக் கடிதத்தின் பிரதி ஒன்றும் உறைக்குள் தனியாக இருக்கிறது. அதை வகுப்பில் காட்ட வேண்டும் என்பதில்லை. உன்னிடமும் ஒன்று இருக்கட்டும். ஞாயிறு காலை வேண்டாம், இரவு வேலை முடித்து வருபவர்கள் தூங்கி எழ நேரம் வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்துப் பார். அந்த 61 வயது அம்மா அடுத்த மாதம் உறுதிமொழி எடுக்கிறார். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். கோட்டை இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா