ஆய்வுப் பட்டமா, இரட்டைப் பட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் பலர், பிஎச்.டி. மட்டும் போதுமா, மருத்துவப் பட்டத்தையும் சேர்த்து வழங்கும் எம்.டி.-பிஎச்.டி. திட்டத்தில் சேர்வதா என்று தடுமாறுகிறார்கள். கட்டணமின்றி மருத்துவராகிவிடலாம் என்பதற்காகவே பெற்றோர் சிலர் இரண்டாவதை வற்புறுத்துவது எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது.

அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் 1964-இல் நிதியளிக்கத் தொடங்கிய இத்திட்டத்தில், முதலில் மருத்துவப் பாடம், இடையில் சில ஆண்டுகள் ஆய்வகம், பின்னர் மீண்டும் மருத்துவமனை என ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழிந்த பிறகும், ரெசிடென்சி எனப்படும், மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருக்கிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத மாணவருக்கு அந்த அரசு நிதி கிடையாது. உயிர்மருத்துவப் பிஎச்.டி. படிப்பிலும் பெரும்பாலும் கட்டணவிலக்கும் உதவித்தொகையும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மருத்துவ ஆய்வுக்கு மருத்துவப் பட்டம் கட்டாயம் என்ற எண்ணமும் சரியன்று. கோவிட் நோய்க்கான எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசிக்கு வழிவகுத்த கண்டுபிடிப்புக்காக 2023-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ட்ரூ வைஸ்மன் இரு பட்டங்களும் பெற்றவர். கேத்தலின் கரிக்கோவோ உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் மட்டுமே பெற்றவர்.

நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் விருப்பம் உள்ளவருக்கே இரட்டைப் பட்டம் பொருந்தும். விண்ணப்பிக்கும் முன் மாணவர்கள் மருத்துவமனையிலும் ஆய்வகத்திலும் சில காலம் பணியாற்றிப் பார்க்குமாறு தங்கள் கல்விப் பக்கத்தில் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர், பாஸ்டன்