வலது இருக்கையின் பொறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கல்வி இணைப்பில் விமானத் துறை வேலைகளைப் பற்றி வந்த கட்டுரை, விமானி அறையின் வலது இருக்கையில் அமரும் துணை விமானியைத் தலைமை விமானியின் உதவியாளராக மட்டும் காட்டியிருந்தது. அது முழுமையான சித்திரம் அன்று.

இருவரும் முறைவைத்து விமானத்தை ஓட்டுகிறார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கருவிகளைக் கண்காணித்து, தரைக் கட்டுப்பாட்டு அறையுடன் பேசுகிறார். புறப்படுமுன் விமானத்தைச் சுற்றி நடந்து, சக்கரத்தின் தேய்மானம், எண்ணெய்க் கசிவு, எஞ்சின் முகப்பு ஆகியவற்றைப் பார்ப்பதும் பெரும்பாலும் துணை விமானிதான். இறுதி முடிவு தலைமை விமானியுடையது என்றாலும், தவறு கண்ட இடத்தில் வாய்விட்டுச் சொல்வது துணை விமானியின் கடமை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் புறப்பாட்டு அனுமதி கிடைக்கும் முன்பே ஒரு விமானம் ஓடுபாதையில் விரைந்தபோது, விமானி அறையில் எழுந்த ஐயம் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. அதே ஓடுபாதையில் இருந்த மற்றொரு விமானத்தின் மீது அது மோதி, 583 பேர் மாண்டனர். அதற்குப் பிறகே, மூத்தவரிடம் தயங்காமல் பேசுவதை ஒரு பயிற்சியாகவே விமான நிறுவனங்கள் கற்பிக்கத் தொடங்கின. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்படும் நம் பிள்ளைகளுக்கு, விமானம் ஓட்டுவதைவிட இதுவே கடினமாக இருக்கக்கூடும்.

தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பகுதிகளில் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படிக்கும் மாணவர்கள் பலர் இக்கட்டுரைகளை நம்பியே முடிவெடுக்கின்றனர். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறத்தல் தேவை என்பதையும், அதன் பின்னும் குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சிக்குத் தனியே பெருஞ்செலவு உண்டு என்பதையும் அடுத்த இணைப்பில் விளக்கமாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.