வானம் தோண்டும்போதே வந்து அளந்து பாருங்கள்

வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.), நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.) அதிகாரிகளுக்கும், கட்டட அனுமதி தரும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி நிர்வாகங்களுக்கும்,

வணக்கம்.

சென்னையின் தென்புறநகரில் அரை கிரவுண்டில் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு வீட்டுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி அஸ்திவாரம் எழுப்பும் நேரத்தில், மனையின் எல்லைக்கும் வீட்டுக்கும் நடுவே விடுவதாக வரைபடத்தில் காட்டிய இடைவெளி தரையிலும் இருக்கிறதா என்று அரசின் சார்பில் யாராவது ஒருவர் வந்து டேப் பிடித்து அளக்க வேண்டும். சிறிய வீடுகள் விஷயத்தில் இன்றைக்கு இது நடப்பதில்லை. அளக்கிற வேலையும் புகார் கொடுக்கிற வேலையும் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விழுகின்றன. அதற்கு அப்புறம் அந்த இரண்டு வீடுகளுக்கும் பேச்சுவார்த்தை இருப்பதில்லை.

விதிப்படி கட்டுவதாக வீட்டுக்காரரே உறுதி தந்து அனுமதி பெறும் சுயசான்றுத் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதோடு முதல் தளமுமோ கட்டுகிறவர்கள் இணையத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி கிடைக்கிறது. பிளான் அப்ரூவலுக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த வசதி தொடர வேண்டும். ஆனால் இத்திட்டத்தில் கட்டும் முன் கள ஆய்வு கிடையாது. கட்டி முடித்த பின், வரைபடப்படிதான் கட்டியிருக்கிறது என்று பார்த்துத் தரும் முடிவுச் சான்றும் தேவையில்லை. கொஞ்சம் பெரிய வீடுகளுக்கும் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலேயே சிறு குடியிருப்புகளுக்கு முடிவுச் சான்றிலிருந்து விலக்கு இருந்தது. 2024-ல் அந்த விலக்கு 14 மீட்டர் உயரம், 8 வீடுகள், 750 சதுர மீட்டர் வரை விரிந்தது. ஆக, எங்கள் தெருவைப் போன்ற தெருக்களில் பூமி பூஜை முதல் கிரகப்பிரவேசம் வரை வரைபடத்தையும் கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க யாருமே வருவதில்லை.

வீட்டுக்கடன் தரும் வங்கி இப்படி விடுவதில்லை. அஸ்திவாரம் முடிந்ததா, லிண்டல் வந்ததா, தளம் போட்டாயிற்றா என்று ஒவ்வொரு கட்டத்திலும் அதன் சார்பில் ஒரு பொறியாளர் வந்து பார்த்துப் படம் எடுத்துப் போகிறார். அப்புறம்தான் அடுத்த தவணை கிடைக்கிறது. கொடுத்த கடனுக்கு வங்கி எடுத்துக்கொள்ளும் அக்கறையில் ஒரு பங்கை, கொடுத்த அனுமதிக்கு அரசு எடுத்துக்கொண்டால் எங்களைப் போன்றவர்களின் பாதி வழக்கு குறையும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து மனை நெடுநாள் காலியாகக் கிடந்தது. அதை வாங்கியவர் நல்ல மனிதர். மனை வாங்கிய புதிதில் அவர் வீட்டுப் பொங்கல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஒருநாள் காலையில் ஜேசிபி வந்து எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே வானம் தோண்டியது. எங்கள் பகுதி களிமண். ஐந்தடி ஆழம் இறங்கியதும் சுவரடி மண் சரிந்து, சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு கீறல் ஓடியது. “பக்கத்தில் இடம் விடவில்லையா?” என்று மேஸ்திரியிடம் கேட்டேன். “ஒரு கீறல்தானே சார், நாங்களே பூசிக் கொடுத்துடுறோம், அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க” என்றார். விரிசலைத்தான் அவர் சொன்னார். போன இடைவெளியைப் பற்றி அவரும் பேசவில்லை, வீட்டு உரிமையாளரும் பேசவில்லை. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். எங்கள் பக்கம் ஒரு மீட்டர் திறந்தவெளி என்று தெளிவாகக் கோடு போட்டிருந்தது. தரையில் இருந்தது ஒரு சாண். அதற்குள் தளமே போட்டு முடித்துவிட்டார்கள்.

அந்த ஒரு சாண் சந்தில் ஆள் நுழைய முடியாது. சாரம் கட்ட முடியாது. அதனால் அவர் வீட்டு வெளிச்சுவர் அந்தப் பக்கம் பூச்சே காணாமல் செங்கல்லாகவே நிற்கிறது. மழைத் தண்ணீர் அந்தச் சுவர் வழியே இறங்கி எங்கள் சுவரடியில் தேங்குகிறது. கார்த்திகை பிறந்தால் எங்கள் படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் செதில் செதிலாக உதிர்கிறது. அவர் வீட்டு உட்சுவரிலும் அதே ஓதம்தான். சந்துக்குள் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கிறது. அதைப் பிடுங்க இரண்டு பக்கமிருந்தும் கை எட்டவில்லை. அவருடைய மாடிச் சன்ஷேடு எங்கள் காம்பவுண்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால், அதன் சொட்டு நேராக எங்கள் துணி காயும் கொடியில் விழுகிறது. ஏ.சி.யின் வெளி யூனிட்டைப் பொருத்த அவருக்கும் இடமில்லை. எங்கள் ஜன்னலைப் பார்த்து மாட்டியிருக்கிறார். வெயில் காலத்தில் அந்த ஜன்னலை நாங்கள் திறப்பதே இல்லை.

இந்த இடைவெளியைப் பலர் வீணாகும் இடமாகத்தான் நினைக்கிறார்கள். சதுர அடி விலையைப் போட்டுப் பார்த்தால் யாருக்கும் மனசு வராது என்பது உண்மைதான். ஆனால் ஒரு வீட்டின் எத்தனை வேலை அந்த இடத்தில் நடக்கிறது என்று பாருங்கள். போர்வெல், செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 2003-லிருந்து நம் மாநிலத்தில் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக்குத் தொட்டி அமைக்க ஒரு வீட்டில் மிஞ்சும் மண்தரையும் அதுதான். அதை மூடிக் கட்டி, மிச்சத்துக்கும் டைல்ஸ் ஒட்டிவிட்டால் கூரைத் தண்ணீர் முழுக்கத் தெருவுக்கு வருகிறது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் நின்ற இதே புறநகர்கள், 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றன. முன்பக்க இடைவெளிக்கும் உயிர் சம்பந்தம் உண்டு. அங்கே பால்கனியை இழுத்துக் கட்டினால் மின்கம்பி கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது.

வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வேறு சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் 15-ஆம் பிரிவுப்படி, 20 ஆண்டுகள் இடைவிடாமல் ஜன்னல் வழியே வெளிச்சமும் காற்றும் அனுபவித்திருந்தால்தான் நீண்டகால அனுபவத்தால் வரும் உரிமையைக் கோர முடியும். புறநகரில் பெரும்பாலான வீடுகளுக்கு அந்த வயது ஆகவில்லை, எங்கள் வீடு உட்பட. எங்களுக்கு இருக்கிற ஒரே காப்பு நீங்கள் போட்ட இடைவெளி விதிதான். அதை நீங்கள் அளந்து பார்க்காவிட்டால் எங்களிடம் ஒன்றுமில்லை.

சரி, புகார் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்தேன். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 57-ஆம் பிரிவில் வேலையை நிறுத்தச் சொல்லவும், 56-ஆம் பிரிவில் விதிமீறிய பகுதியை அகற்றச் சொல்லவும் உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. நோட்டீஸ் போனால் 80-ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு நடக்கும்போதே குடி வந்துவிடுகிறார்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டை இடியுங்கள் என்று எந்த மனிதர் போய் நிற்பார்? நானும் நிற்கவில்லை. இடிக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. தளம் போட்ட பிறகு செய்யக்கூடியது எதுவுமே யாருக்கும் நியாயமாக இருக்காது என்பதால்தான், அஸ்திவாரத்திலேயே பாருங்கள் என்கிறேன். அந்த நேரத்தில் மூன்றடி தள்ளிப் போடச் சொன்னால் சில நாள் கூலியோடு முடிந்துபோகும் விஷயம் இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1999-ல் அதே 1971 சட்டத்தில் 113-ஏ பிரிவைக் கொண்டுவந்து விதிமீறிய கட்டடங்களைப் பணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தினீர்கள். பிறகு 113-சி வந்தது. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு இன்னொரு வாய்ப்பு. “எப்படியும் இன்னொரு ஸ்கீம் வரும் சார்” என்று கான்ட்ராக்டர்கள் வீட்டுக்காரர்களிடம் தைரியமாகச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். விதிப்படி இடம் விட்டுக் கட்டினவர் தன் மனையில் நூறு சதுர அடிக்கு மேல் இழந்து நிற்கிறார். விடாதவர் அபராதம் கட்டி அதே இடத்தை நிரந்தரமாக்கிக்கொள்கிறார். விதியை மதித்தவர்களுக்கு இது பெரிய மனக்குறை.

எதிர்ப்பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். இருபதுக்கு முப்பது மனையில் முன்னும் பின்னும் பக்கத்திலும் விட்டால் என்ன மிஞ்சும்? திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகளைத் தொடர் கட்டடப் பகுதிகளாக வைத்து, பக்க இடைவெளி வேண்டாம் என்று உங்கள் விதிகளே சொல்கின்றன. அங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றாலும், பழைய வீடுகளுக்கு நடுவில் முற்றம் இருந்தது. காற்றும் வெளிச்சமும் அதன் வழியே வந்தன. சின்ன மனைகளுக்கு விதி பொருந்தவில்லை என்றால் விதியைத் திறந்த முறையில் மாற்றுங்கள். ஒரு பக்கம் முழுக்க ஒட்டிக் கட்டு, மறுபக்கம் தாராளமாக விடு என்று சொல்லுங்கள். இரண்டு வீட்டுக்கும் தெரிந்து, சேர்ந்து ஒட்டிக் கட்டினால் இடையில் சாணளவு சந்தும் இருக்காது, ஓதமும் வராது. காகிதத்தில் ஒரு மீட்டர், தரையில் ஒரு சாண் என்ற இன்றைய நிலைமைதான் இருவருக்குமே கெடுதல்.

பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும் என்று ஒரு விதி மட்டும் தயவுசெய்து கொண்டுவந்துவிடாதீர்கள். பழைய பகையைத் தீர்க்கவும், புகாரை வைத்துப் பணம் பறிக்கவும் அது வழியாகிவிடும். தெருத் தகராறைத் தெருவுக்கே விடாமல், அளவு எடுக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழி கடினமானதில்லை. அஸ்திவாரக் கோடு போட்டதும், நான்கு பக்கமும் டேப் வைத்து எடுத்த படங்களை இடக்குறியீட்டோடு, அனுமதிக்கு விண்ணப்பிக்கும் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். ஏழு வேலை நாளுக்குள் நீங்கள் வந்து பார்க்காவிட்டால் வேலையைத் தொடரலாம் என்றும் வையுங்கள். யாரும் காத்துக் கிடக்க வேண்டாம். எல்லா வீட்டுக்கும் போக ஆளில்லை என்றால், குலுக்கல் முறையில் பத்தில் ஒரு வீட்டுக்காவது போங்கள். வரக்கூடும் என்ற எண்ணமே பாதி வேலையைச் செய்துவிடும். பெரிய கட்டடங்களுக்கு அஸ்திவார மட்டத்தில் தகவல் தந்து ஆய்வு செய்யும் நடைமுறை உங்கள் விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. படத்தில் பொய் சொன்னால் வீட்டுக்காரரோடு, கையெழுத்துப் போட்ட பதிவு பெற்ற பொறியாளரும் பதில் சொல்ல வேண்டும்.

அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டடம் நடக்கும் இடத்தில் மாட்டிவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17-ல் தந்த தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. வேலை நடக்கும்போதே அதிகாரிகள் அவ்வப்போது ஆய்வு செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. எங்கள் பகுதியில் அப்படி ஒரு பலகையை நான் இன்னும் பார்க்கவில்லை. தெருவில் போகிறவர் நின்று படிக்கும் அளவில், முன், பின், இடம், வலம் என்று நான்கு இடைவெளியும் அடிக்கணக்கில் தமிழில் எழுதியிருந்தால் போதும். என்னைப் போல் தளம் போட்ட பிறகு தகவல் மனு மூலம் வரைபடம் வாங்க வேண்டியிருக்காது.

கடைசியாக, வீட்டை விரிவாக்குகிறவர்களுக்காகவும் ஒன்று கேட்கிறேன். மகளுக்குத் திருமணம் ஆனதும் மாடியில் ஓர் அறை, வயதானவர்களுக்குக் கீழே ஒரு கழிப்பறை, வெளியே ஒரு இரும்புப் படிக்கட்டு, வண்டி நிறுத்தத் தகரக் கொட்டகை என்று எல்லா வீட்டிலும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது மேஸ்திரிக்கும் தெரியவில்லை, வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. பக்க இடைவெளி பெரும்பாலும் இந்தச் சின்ன வேலைகளில்தான் ஒவ்வொரு அடியாகப் போகிறது. இடைவெளிக்குள் எதெல்லாம் கட்டலாம், எவ்வளவு நீட்டலாம் என்பதைப் படம் போட்டு ஒரே பக்கத்தில் அச்சிட்டு, சொத்துவரி ரசீதோடு ஒரு தடவை கொடுங்கள். எங்கள் தெருவில் இந்தத் தை மாதம் இன்னும் இரண்டு மனைகளில் வேலை தொடங்குகிறார்கள். இரண்டும் சுயசான்றில் வந்த அனுமதிகள். அந்த இரண்டு இடத்துக்காவது, வானம் தோண்டும் வாரத்தில், ஒருவரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தென்புறநகரில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஒருவர்