உப்புப் பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டம்பர் 29, உலக இதய தினத்தையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த பக்கங்களைப் படித்தோம். நடங்கள், உப்பைக் குறையுங்கள், பீடியை விடுங்கள், கவலைப்படாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அத்தனையும் தனி ஆளைப் பார்த்துச் சொன்ன புத்திமதி. ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து லைன் வீட்டில் பகலில் தூங்குகிறவரும், பென்னாகரம் பக்கம் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கும் பாட்டியும் அந்தப் புத்திமதியை எப்படிக் கடைப்பிடிப்பார்கள்? தெரு, கடை, குடிதண்ணீர், மாத்திரை கிடைக்கும் நேரம் எல்லாம் சேர்ந்துதான் இதயத்தைக் கெடுக்கவோ காக்கவோ செய்கின்றன. அதைப் பற்றிச் சில விவரங்களை எழுதுகிறோம்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு வேலை செய்த இடங்களில் ஒன்று, மேற்கிந்தியத் தீவுகள் என்று நாம் சொல்லும் கரீபியன் தீவுகள். 2007 செப்டம்பரில் அந்த நாடுகளின் தலைவர்கள் டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கூடி, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை போன்ற நோய்களைத் தடுப்பது மருத்துவத்துறை மட்டும் பார்க்கும் வேலை அல்ல, வரி, பள்ளிக்கூடம், விவசாயம், வர்த்தகம் எல்லாம் சேர்ந்து பார்க்கும் வேலை என்று அறிவித்தார்கள். அதன்படி பார்படாஸ் 2015-ல் சர்க்கரை பானங்களுக்கு 10 சதவீத வரி போட்டு, 2022-ல் அதை 20 சதவீதம் ஆக்கியது. ஜமைக்காவில் 2019 ஜனவரியில், 100 மில்லிக்கு 6 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானத்தைப் பள்ளிக்கூடத்தில் விற்கக்கூடாது என்று தடை வந்தது. சாதாரண கோலாவில் 10 கிராமுக்கு மேல் இருக்கும். நம் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே 10 ரூபாய்க்குத் தொங்கும் பாட்டில்களில் எவ்வளவு இருக்கிறது என்று லேபிளைத் திருப்பிப் பார்ப்பவர் குறைவு.

அந்தத் தீவுகளுக்கும் நமக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. கரும்புத் தோட்டக் கூலிகளாக இங்கிருந்து கப்பல் ஏறியவர்களின் வம்சம் அங்கே இருக்கிறது. டிரினிடாடின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் நடந்த ஆய்வு 1986-ல் வெளியானது. ஒரே ஊரில் வாழும் இந்திய வம்சாவளியினரிடம், ஆப்பிரிக்க வம்சாவளியினரைவிட இதயநோய்ச் சாவு அதிகம் என்றும், பிரஷர், கொழுப்பு போன்ற வழக்கமான காரணங்களால் மட்டும் அதை விளக்க முடியவில்லை என்றும் அது சொன்னது. இதைப் படித்துவிட்டு “நம்ம ரத்தமே அப்படித்தான்” என்று கையை விரிப்பது சோம்பேறித்தனம். ரத்தத்தை மாற்ற முடியாது என்றால், மாற்ற முடிகிறதைச் சீக்கிரம் மாற்றவேண்டும் என்றுதான் அர்த்தம்.

உப்பை எடுத்துக்கொள்வோம். கரீபியன் தோட்டங்களில் அடிமைகளுக்கும் கூலிகளுக்கும் மலிவாகப் போட்ட உப்பு மீன்தான் இன்று ஜமைக்காவின் தேசிய உணவில் இருக்கிறது. வறுமையில் நாக்கு பழகிய ருசி, வறுமை போன பிறகும் போவதில்லை. அவர்கள் அந்த மீனை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி வேகவைத்து உப்பை இறக்குவார்கள். கருவாட்டை நாமும் இரண்டு தடவை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து போடலாம்.

“உப்பைக் குறை” என்றால் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். இதை வீட்டில் அளக்கக் கருவி வேண்டாம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவில் எழுதுங்கள். நாலு பேருக்கு 20 கிராம் என்றால் அந்தப் பாக்கெட் 50 நாள் வரவேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம். மாட்டுத் தண்ணியில் போட்டதையும், சித்திரையில் மாங்காய் ஊறுகாய்க்கு எடுத்ததையும் கழித்துக்கொள்ளுங்கள்; ஊறுகாயில் போனது மெதுவாகத் தட்டுக்கு வரும் என்பதையும் மறக்காதீர்கள். கடையில் வாங்கும் மிக்சர், அப்பளம், பரோட்டா சால்னா இந்தக் கணக்கில் வராது, அது தனி. குறைக்கும்போது ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டைதான் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு குறைத்தால் நாக்கு பழகிவிடும். களிக்கும் சோற்றுக்கும் உப்பை நிறுத்திவிட்டுக் குழம்பில் மட்டும் போடுவது சுலபமான முதல் படி. சோடியம் குறைந்த உப்பு நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் இருக்கிறது. கிட்னி கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டான், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

அடுத்தது நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அதிகம் உள்ள ஒரு சங்கதி. இதை எழுதுபவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். நம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, மாற்று வழி இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அந்தத் தண்ணீர் வராத நாட்களில் மறுபடி போர் தண்ணீரைக் குடிக்கிறோம். வருஷக்கணக்காகக் குடித்தவர்களுக்கு இடுப்பு, முட்டி, முதுகெலும்பு எல்லாம் விறைத்து வலிக்கும். வலிக்கு என்ன செய்கிறார்கள்? மெடிக்கலில் போய் “ஒரு செட் மாத்திரை குடுப்பா” என்கிறார்கள். அந்தக் காகிதப் பொட்டலத்தில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை ஒன்று, சில நேரம் டெக்சா என்னும் ஸ்டீராய்டு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் மழுங்கடிக்கும், கிட்னியையும் தொடும். டெக்சா சுகரையும் ஏற்றும். “மாத்திரை போட்டும் பிரஷர் குறையவில்லை” என்று வருகிறவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, வலிக்கு என்ன போடுகிறீர்கள் என்பது. குழாயில் நல்ல தண்ணீர் வராத தெருவில் பிரஷர் ஏறுவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

பிரஷர் பார்ப்பதிலேயே நடக்கும் தவறுகள் ஏராளம். முகாமில் வரிசையில் நின்று, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்ததும் சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிவிடுகிறார்கள். ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்த்து உட்காரவேண்டும். பாதம் தரையில் பதிந்திருக்கவேண்டும், கால் மேல் கால் கூடாது. கையை மேஜையில் நெஞ்சு உயரத்துக்கு வைக்கவேண்டும். தொங்கவிட்டால் 10 புள்ளி வரைகூட ஏறிக் காட்டலாம். அரை மணி நேரத்துக்குள் டீயோ பீடியோ குடித்திருக்கக்கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக்கூடாது. அளக்கும்போது பேச்சு வேண்டாம். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டாம் தடவை பார்த்து எழுதவேண்டும். கைப் பட்டையின் அளவுதான் பலரும் கவனிக்காதது. மிஷினோடு வரும் சாதாரணப் பட்டை, மேல்கை சுற்றளவு 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை உள்ளவர்களுக்கு. பருத்த கையில் அதை இறுக்கிக் கட்டினால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். பெரிய பட்டை ஒன்று கூடவே இருக்கவேண்டும். இப்படிச் சரியாகப் பார்த்து, வேறு வேறு நாளிலும் 140/90-ஐத் தொட்டால்தான் அது நோய்.

கண்டுபிடித்த பிறகு மாத்திரை தொடர்ந்து கிடைக்கவேண்டும். வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் தன்னார்வலர் பகலில் வரும்போது வீட்டில் இருப்பது வயதானவர்கள். கிரானைட் குவாரிக்கும், சிப்காட்டுக்கும், பெங்களூர் கட்டட வேலைக்கும் போன 40 வயதுக்காரர் கையில் சிக்குவதில்லை. அவருக்குத்தான் மாத்திரை விட்டுப்போகிறது. டிரினிடாடில் 2003 முதல் ஒரு ஏற்பாடு: அரசு டாக்டரின் சீட்டானாலும் தனியார் டாக்டரின் சீட்டானாலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்துக்கடையில் கொடுத்து பிரஷர், சுகர் மாத்திரையை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். இரவு ஒன்பது மணிக்குத் திறந்திருக்கும் மெடிக்கலில் மாத மாத்திரை கிடைத்தால், ஷிப்ட் ஆள் அரை நாள் சம்பளத்தை இழக்கவேண்டியதில்லை. ஓசூர், பர்கூர், காரிமங்கலம் பேருந்து நிலையங்களை ஒட்டிய கடைகளில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அதுவரைக்கும் மாத்திரையைத் தகரக் கூரைக்குக் கீழே ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள், வெயிலில் வீரியம் போய்விடும். “நார்மல் ஆயிடுச்சு” என்று நிறுத்தவும் வேண்டாம். நார்மல் ஆனதே மாத்திரையால்தான்.

நடைக்கு வருவோம். 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினார்கள். நல்லது. விடியற்காலை அங்கே யார் நடக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்; ஷூ போட்ட ஆண்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் பெண்கள் வாசல் தெளித்துக்கொண்டும் குழாயடியிலும் இருப்பார்கள். கரீபியனில் உடல் பருமன் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அதனால் ஜமைக்காவின் ஆய்வாளர்கள், ஆளின் எடையை மட்டும் அளக்காமல், தெரு ஒழுங்காக இருக்கிறதா, நடக்க இடம் இருக்கிறதா, அந்தப் பேட்டையின் சொத்து மதிப்பு என்ன என்பதையும் சேர்த்து அளந்தார்கள். நமக்கும் அந்தக் கண் வேண்டும். ஊராட்சி நடுநிலைப்பள்ளி மைதானத்தை மாலை ஆறு முதல் ஏழரை வரை திறந்துவைத்து, இரண்டு எல்இடி விளக்கு போட்டு, நாய்த் தொல்லையைக் கவனித்தால் நாற்பது பெண்கள் நடப்பார்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் போதும்.

ரேஷனில் கேழ்வரகு தர 2023-ல் நீலகிரியோடு தருமபுரியைத்தான் முதலில் எடுத்தார்கள். அதை வாங்கி மாவாக்கி, மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கூழாகக் குடித்துவிட்டு, சுகர் ஏறியதற்குக் கேழ்வரகின் மேல் பழி போடக்கூடாது.

நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்பதையும் தெருவே தெரிந்து வைத்திருக்கவேண்டும். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரைகள் தயாராக இருக்கும்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அட்டார்வாஸ்டாடின் எட்டு. அதைப் போட்டுவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இதை நாமாக மெடிக்கலில் வாங்கி விழுங்கக்கூடாது, ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு ஆபத்து. சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வேர்வை, மூச்சிரைப்பு, மேல்வயிற்றுப் பிசைவு மட்டும் வரலாம். அதை வாயு என்று சோடா குடித்துக் காத்திருப்பதில்தான் நேரம் போகிறது. 108-ஐ அழையுங்கள். இரவில் திறந்திருக்கும் சுகாதார நிலையம் எது, எத்தனை கிலோமீட்டர் என்று ரேஷன் கடைச் சுவரில் பெயின்டில் எழுதிவைக்க ஒரு ஊராட்சிக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

நவம்பர் 1 கிராம சபை வருகிறது. சாக்கடை, தெருவிளக்கு, நூறு நாள் வேலையோடு இவற்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேட்கலாம்: மாலையில் பள்ளி மைதானம், சுவரில் சுகாதார நிலைய விவரம், கடைசியாகத் தண்ணீரில் ஃபுளோரைடு எப்போது பார்த்தார்கள் என்ற தேதி, பிரஷர் மிஷினுக்கு ஒரு பெரிய பட்டை. பட்டையின் விலை சில நூறு ரூபாய்தான். நிதி இல்லை என்று யாராவது சொன்னால் அந்தப் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிராம சுகாதாரப் பணியிலிருந்து ஓய்வு பெற்றோர் சிலர்,
பாலக்கோடு, காவேரிப்பட்டணம்.