சம்பளமில்லாம ராத்திரி காவல் காத்தவங்களையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உலகப்போர் பத்தி நம்ம பேப்பர்ல எப்ப கட்டுரை வந்தாலும் டாங்கி, விமானம், தளபதிங்க, எந்த ஊர் எப்ப விழுந்துச்சு, இதோட முடிஞ்சிடுது. போர்முனைக்கு போகாம ஊர்லயே இருந்து காவல் காத்தவங்களுக்கு ஒரு பாரா கூட இல்ல. மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

பிரிட்டன்ல 1914ல போர் வந்ததும் போலீஸ்காரங்க நிறைய பேர் ராணுவத்துக்கு போயிட்டாங்க. அந்த குறையை நிரப்ப வந்தவங்கதான் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். பதவி பழசுதான், 1831லயே சட்டம் இருக்கு, ஆனா கலவரம் வரும்னு பயம் இருந்தாதான் ஆள் எடுக்க முடியும், 1914ல புதுசா ஒரு சட்டம் போட்டு போர் நடக்குற வரைக்கும் கலவர பயம் இல்லாட்டியும் எடுக்கலாம்னு ஆக்கினாங்க. பகல் முழுக்க கடையிலயோ ஆபீஸ்லயோ சொந்த வேலை, அது முடிஞ்சதும் கையில ஒரு பட்டையை கட்டிக்கிட்டு விசிலும் தடியுமா கிளம்பிடுவாங்க. பாலம், குடிதண்ணி தேக்கம், ரயில்வே லைன்னு குளிர்ல நின்னு காவல். 1915 ஜனவரில செப்பலின்னு சொல்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல் வந்து குண்டு போட ஆரம்பிச்சதும் விளக்கை அணைக்க சொல்றது, ஜனங்களை பத்திரமான இடத்துக்கு அனுப்புறதுன்னு வேலை இன்னும் கூடிடுச்சு. இதுக்கு சம்பளம் கிடையாது! 1919ல இவங்களுக்குன்னு ஒரு மெடல் கொண்டுவந்தாங்க, அவ்வளவுதான்.

பொம்பளைங்களும் சும்மா இருக்கல. 1914லயே தன்னார்வ பெண் போலீஸ் அமைப்பு வந்தாச்சு, அதுல இருந்த எடித் ஸ்மித்துக்கு 1915ல கிராந்தம் ஊர்ல கைது பண்ற முழு அதிகாரமும் கொடுத்தாங்க.

ரெண்டாவது போர்லயும் இதே கதைதான். இதுல நான் முக்கியமா சொல்ல நினைக்கிறது பிராண்டன் மாஸ் பத்தி. கோவென்ட்ரி ஊர்ல ஸ்பெஷல் கான்ஸ்டபிள். 1940 நவம்பர் 14 ராத்திரி ஜெர்மன் விமானங்க குண்டு போட்டு ஊரே எரிஞ்சுக்கிட்டு இருக்கு, இடிஞ்ச வீட்டுக்கு அடியில ஆளுங்க சிக்கியிருக்காங்க, கேஸ் லீக் ஆகுது, மேல இருந்து கட்டை கல்லெல்லாம் சரியுது, நிலைமை ரொம்ப மோசமானதும் மத்தவங்களை வெளிய நிறுத்திட்டு இவர் மட்டும் உள்ள போய் வழி பண்ணி மூணு பேரை உயிரோட மீட்டாரு. அதோட வீட்டுக்கு போகல. பக்கத்துல இன்னொரு இடிபாடு, கூட இருந்தவங்க ஓய்ஞ்சு போயிட்டாங்க, 20 கஜ தூரத்துல வெடிக்காத குண்டு வேற கிடக்கு, அங்கயும் ஒருத்தரை உயிரோட எடுத்தாரு, நாலு உடலையும் மீட்டாரு. ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்சது காலையில ஆறரை வரைக்கும். வீரத்துக்கு பிரிட்டன் கொடுக்குற ரொம்ப உயர்ந்த விருதான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தாங்க. இவ்ளோ பெரிய விஷயம் நம்ம ஆளுங்கள்ல எத்தனை பேருக்கு தெரியும்?

அடுத்த தடவை உலகப்போர் கட்டுரை போடும்போது இவங்களுக்குன்னு ஒரு அரை பக்கமாவது ஒதுக்குங்க சார், நவம்பர் 14 அன்னைக்கு வந்தா இன்னும் சந்தோஷம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்