பிறைக்குக் காரணம் பூமியின் நிழல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கலை, வணிகவியல் மாணவர்களுக்கு வானியல் நடத்துவோர் கருந்துளையில் தொடங்கவே ஆசைப்படுவார்கள். நிலவில் தொடங்குங்கள் என்போம் நாங்கள். பிறை ஏன் தேய்கிறது என்றால், பூமியின் நிழல் விழுகிறது என்று பட்டதாரிகளே சொல்கிறார்கள்.

முதலில் தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள திதி, சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான கோணக் கணக்கு. 12 பாகைக்கு ஒரு திதி. வளர்பிறை மூன்றாம் நாள் முதல் மாலை 6.45க்கு ஒரே மொட்டைமாடியில் நின்று, கையை நீட்டி நிலவின் இடத்தை முஷ்டியால் அளக்க வேண்டும். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. நிலவு தினமும் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலாகக் கிழக்கே தள்ளியிருக்கும். பௌர்ணமி தாண்டியதும் மாலையில் நிலவைக் காணோம் என்று நோட்டை மூடிவிடுவார்கள். காலை 6 மணிக்கு மேற்கே பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு சிக்கல், நிலவின் பாதை நீள்வட்டமானதால் திதி சுமார் 19 மணி நேரத்திலும் முடியும், 26 வரையும் இழுக்கும். 'அஷ்டமி மாலை 4.12 வரை' என்று போட்டிருப்பது அதனால்தான்.

அடுத்து இருட்டறையில், தலை உயரத்தில், கூடில்லாத 9 வாட் எல்இடி பல்பு. பல்பு சூரியன், பந்து நிலவு, உங்கள் தலை பூமி. குச்சியில் குத்திய தெர்மாகோல் பந்தை நீட்டிப் பிடித்தபடி இடப்பக்கமாகத் திரும்பினால் பிறை, பாதி, முழு நிலவு எல்லாம் வரும். பிளாஸ்டிக் பந்து வேண்டாம். பளபளப்பில் பல்பின் பிம்பம்தான் தெரியும். வெள்ளைச் சுவர் பக்கத்தில் இருந்தால் இருண்ட பாதியும் வெளுத்துவிடும்.

பல்புக்கு முதுகு காட்டும்போது பந்து தலை நிழலில் மறையும். அதுதான் சந்திர கிரகணம். அப்படியானால் மாதாமாதம் வர வேண்டுமே என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். பந்து ஒவ்வொரு சுற்றிலும் நிழலில் மாட்டுவதற்குக் கை நீளம் போதாததுதான் காரணம். 1 செ.மீ.க்கு 1,000 கி.மீ. என்று வைத்தால் பூமி 12.7 செ.மீ., நிலவு 3.5 செ.மீ., இடைவெளி 3.84 மீட்டர். அந்தத் தூரத்தில் பூமியின் நிழல் 9 செ.மீ. அகலம்தான். நிலவின் பாதையோ 5 பாகை சாய்ந்தது. பந்து 34 செ.மீ. வரை மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும். ஒரு நூலைக் கட்டி வகுப்பிலேயே இதை அளந்து காட்டலாம்.

பாடநூல்களில் நிலவைப் பூமியோடு ஒட்டி வரைபவர்கள், படத்தின் கீழே 'தூரம் அளவுப்படி அல்ல' என்றாவது அச்சிடட்டும்.

இப்படிக்கு,
வானியல் ஆசிரியர்கள் இருவர்,
திருச்சி