தாராசுரம் கோயில் அன்பர்களுக்கு எங்கள் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் பள்ளித் தமிழ் மன்றப் பிள்ளைகளோடு தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு வந்துபோனோம். ஊர் திரும்பியும் பிள்ளைகளுக்கு அதே பேச்சுதான். அன்று கைகொடுத்த எல்லோரிடமும் நேரில் நன்றி சொல்ல முடியாமல் வண்டி ஏறிவிட்டோம். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி கோயிலைப் பராமரிக்கும் தொல்லியல் துறைப் பணியாளர்களுக்கு. முந்தின இரவு பெய்த மழையில் நந்தி இருக்கும் முன்பக்கம் குளமாகிக் கிடந்தது. அந்த இடம் பள்ளம். மழை வந்தால் தண்ணீர் தேங்கத்தான் செய்யும். நாங்கள் கேட்பதற்கு முன்பே மோட்டார் போட்டு இறைத்துவிட்டீர்கள். சக்கரமும் பாயும் குதிரையுமாகத் தேர் போலவே நிற்கும் ராஜகம்பீரன் திருமண்டபத்தைப் பிள்ளைகள் ஆசைதீரப் பார்த்தது உங்களால்தான்.

குருக்கள் ஐயா, பூஜை வேலைகளுக்கு நடுவிலும் எங்களை உட்கார வைத்துத் தலபுராணம் சொன்னீர்கள். துர்வாசர் சாபத்தால் நிறம் இழந்த இந்திரனின் யானை ஐராவதம் இங்கே வழிபட்டு வெண்மையைத் திரும்பப் பெற்றதையும், எமன் இங்குள்ள தீர்த்தத்தில் முழுகி உடம்பின் எரிச்சல் தீர்ந்ததையும் சொன்னபோது, "எமனுக்கே நோவு வருமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "வந்தால் அவனும் இங்கேதானம்மா வரணும்" என்றீர்கள். அதை அவள் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

அப்புறம், கல்வெட்டு படித்துக் காட்டிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. கருவறைக் கோபுரமான 24 மீட்டர் உயர விமானத்தை அண்ணாந்து பார்க்கிற வேகத்தில் பலரும் கவனிக்காமல் போவது அதன் அடிப்பகுதியைத்தான். அங்கே வரிசையாக நாயன்மார் கதைகள் சின்னச் சின்னப் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. பலவற்றின் மேல் பெயரும் பொறித்திருக்கிறார்கள், அதுவும் தமிழில். சோழ மன்னன் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் இந்த நாயன்மார் கதைகளைப் பெரியபுராணமாகப் பாடினார். அவன் மகன் இரண்டாம் ராஜராஜன் எடுப்பித்த கோயில் இது. தகப்பன் காலத்தில் ஏடு ஏறிய கதைகள் மகன் காலத்திலேயே கல்லிலும் ஏறிவிட்டன என்று நீங்கள் சொன்னதும், இத்தனை நாள் வகுப்பில் நடத்திய பாடம் எனக்கே புதிதாகத் தெரிந்தது.

எங்களைத் தரையில் உட்காரச் சொன்னீர்கள். உட்கார்ந்தால்தான் அந்தச் சிற்பங்கள் கண்ணுக்கு நேரே வருகின்றன. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும், மழுங்கிய எழுத்துகள் நிழல் விழுந்து எழும்பி வந்தன. பிள்ளைகள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார்கள். எண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட தமிழைப் பத்து வயதுப் பிள்ளை வாய்விட்டுப் படித்துக் கேட்கும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்தது.

முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் மீட்ட சிற்பத்தின் முன்னால் யாரும் நகரவே இல்லை. ஓதுவார் ஐயா அந்த இடத்திலேயே நின்று அவிநாசிப் பதிகம் பாடினீர்கள். பிள்ளையைக் கொடுக்கச் சொல்லிக் காலனுக்கும் முதலைக்கும் ஆணையிடுமாறு சுந்தரர் இறைவனிடம் கேட்கிற பாட்டு அது. சற்றுமுன் எமனைப் பற்றிக் கேட்ட அதே சிறுமி என் கையைப் பிடித்து இழுத்து, "அதே எமனா சார்?" என்றாள். கதை, சிற்பம், பாட்டு, வழிபாடு நான்கும் ஒன்றாகச் சேர்ந்ததை நான் வேறெங்கும் இப்படி அனுபவித்ததில்லை. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது பெருமைதான். ஆனாலும் இங்கே இன்றும் விளக்கேற்றிப் பூஜை நடக்கிறதே, எனக்கு அதுதான் பெரிது.

வெயில் ஏறியதும் பிள்ளைகளைத் தறிக்கூடத்துக்குள் அழைத்து மோர் கொடுத்த நெசவாளர் குடும்பத்துக்கும், வண்டியைத் திருப்ப இடம் விட்ட பூக்கடை அக்காவுக்கும் எங்கள் அன்பு.

வடக்குச் சுற்றில் பெயரோடு இருக்கும் 108 சிவாசாரியார் (சைவ குருமார்) உருவங்களை இந்தமுறை முழுதாகப் பார்க்க முடியவில்லை. அரையாண்டு விடுமுறையில் மறுபடி வருகிறோம். ஆசிரியர் ஐயாவும் ஓதுவார் ஐயாவும் அன்றைக்கும் எங்களோடு இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
தமிழ் மன்றப் பொறுப்பாசிரியர்